மேனேஜர் சொல்வதா, டாக்டர் சொல்வதா?

போன மாதம் ஒரு அம்மா வந்திருந்தார். வழக்கமாக மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வருகிறவர். அன்றைக்குத் தைலத்தை வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

‘‘டாக்டர், சியாட்டில்ல இருக்கிற என் பொண்ணுக்கு ஏழாம் மாசம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குங்கிறா. நெருஞ்சில் பொடி கொஞ்சம் குடுங்க, போறவங்ககிட்ட குடுத்து விடறேன்’’ என்றார்.

‘‘பி.பி. எவ்வளவு இருக்காம்?’’

தெரியவில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் ‘இந்த வேலை முடியட்டும்’ என்றிருக்கிறார். ‘‘இவளும் வாயைத் திறக்கல டாக்டர். சொன்னா பேர் கெட்டுடும்மாங்கிறா.’’

நான் பொடி கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். அதே வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த உண்மைக் கதை. மகளோ மருமகளோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வீடுகள் இப்போது ஏராளம் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

செல்சி கிளாஸன் என்று ஒரு பெண்மணி. கூகுளில் வேலை. ஒரு சின்னக் குழுவுக்குத் தலைவியாகவும் இருந்தார். அந்தக் குழுவில் ஒரு பெண் கர்ப்பம். அவளைப் பற்றித் தன் மேலதிகாரி தரக்குறைவாகப் பேசினார் என்று கிளாஸன் ஹெச்.ஆரில் புகார் செய்தார். அதற்குப் பிறகு அந்த மேலதிகாரி தன்னைப் பழிவாங்கத் தொடங்கினார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கவனியுங்கள், அவர் பேசியது தனக்காக அல்ல, தனக்குக் கீழே வேலை பார்த்தவளுக்காக.

பிரச்னை முற்றி வேறு குழுவுக்கு மாறினார். அப்போது அவரே கர்ப்பமாக இருந்தார். அதிலும் சிக்கலான கர்ப்பம். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து வரலாம், சீக்கிரமே லீவு எடுத்துப் படுக்கையில் ஓய்வெடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை. இதைப் புது மேனேஜரிடம் சொன்னார். அந்த மேனேஜரும் பெண்தான். அவர் என்ன சொன்னாராம் தெரியுமா? ‘பெட் ரெஸ்ட்டால் பிரயோஜனம் இல்லை என்று ரேடியோவில் கேட்டேன். எனக்கும் டாக்டர் அப்படித்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. சிசேரியனுக்கு முந்தின நாள் வரை வேலை பார்த்தேன்’ என்ற பொருளில் பேசினாராம்.

இங்கே ஒரு வைத்தியனாகக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரேடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. கர்ப்பிணிகள் எல்லாரையும் மாதக்கணக்கில் படுக்கவைப்பதை இன்றைய மகப்பேறு மருத்துவர்கள் பொதுவாக ஆதரிப்பதில்லை. ஒரேயடியாகப் படுத்துக் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், தசை தளரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு, அவளுடைய ஸ்கேனையும் பி.பி.யையும் பார்த்து ஒரு டாக்டர் ‘வேலையைக் குறை’ என்றால் அது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாம். மேனேஜரிடம் கேட்கக் கூடாது. ‘எனக்கு ஒண்ணும் ஆகலியே’ என்பது வைத்தியமே இல்லை. நம்ம வீட்டு மாமியார்கள் சிலரும் இதே வசனத்தைத்தான் பேசுகிறார்கள்!

எங்கள் சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாகக் கிளப்பும் உந்துதல்கள். அவற்றை அடக்கினால் நோய் வரும் என்பார்கள். பாளையங்கோட்டையில் படித்தபோது இதைப் பரீட்சைக்காக உருப்போட்டேன். இப்போது ஆபீஸ் போகும் கர்ப்பிணிகளைப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. சிறுநீர், பசி, தாகம், தூக்கம், இளைப்பு, கண்ணீர் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மீட்டிங் நடுவே எழுந்து போகக் கூச்சப்பட்டுச் சிறுநீரை அடக்குகிறாள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கிறாள். அழுகை வந்தால் ‘எமோஷனல்’ என்று சொல்லிவிடுவார்களே என்று அதையும் விழுங்குகிறாள். கர்ப்பத்தில் சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் நீர்த்தாரைத் தொற்றுக்கு வழிவிடும். அது சிறுநீரகம் வரை ஏறினால் குறைப்பிரசவத்தில்கூடக் கொண்டுபோய் விடலாம்.

கிளாஸன் கதைக்கு வருகிறேன். 2019-ல் வேலையை விட்டார். போகும்போது சும்மா போகவில்லை. பிரசவ லீவுக்குப் பிறகு ஏன் திரும்பி வரப்போவதில்லை என்று கம்பெனிக்குள் எல்லாரும் படிக்கும்படி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் படித்தார்கள். பத்திரிகைகளிலும் வந்தது. 2020-ல் வழக்குப் போட்டார். பழிவாங்குவதைத் தாங்கள் அனுமதிப்பதில்லை என்பது கூகுளின் நிலை. 2022 பிப்ரவரியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. விவரம் வெளியிடப்படவில்லை.

இந்த அலைச்சலில் அவர் கண்டுபிடித்த ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்ததாக வாஷிங்டன் மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்க அப்போது ஆறே மாதம்தான் கெடு. பிள்ளை பெற்றவளுக்கு ஆறு மாதம் என்பது என்ன கணக்கு? தையல் ஆற வேண்டும், பால் கொடுக்க வேண்டும், ராத்திரித் தூக்கம் கிடையாது. எந்த வக்கீலைப் போய்ப் பார்ப்பாள்? கிளாஸன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் போய் இதைச் சொன்னார். 2020-ல் அந்தக் கெடு ஒரு வருஷமானது. அவர் பட்ட பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. கம்பெனியே ஏற்பாடு செய்து தரும் மனநல ஆலோசனை இருக்கிறதல்லவா? மனசு விட்டுப் பேசுங்கள், நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் மன வேதனைக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டால், அந்த ஆலோசனைக் குறிப்புகளை எதிர்த் தரப்பு கேட்க முடியும். கிளாஸனின் வழக்கிலும் இந்தப் பிரச்னை வந்தது. பிரச்னை ஆபீஸைப் பற்றியது என்றால், சொந்தச் செலவில் வெளியே ஒருவரைப் பார்ப்பது உத்தமம். அந்தக் குறிப்பையும் கேட்கலாம்தான், ஆனாலும் கம்பெனி ஏற்பாட்டில் இல்லாதவர் என்ற நிம்மதியாவது இருக்கும்.

சரி, உங்கள் பெண்ணிடம் என்ன சொல்லலாம்? டாக்டர் வாயால் சொன்னதை ஒரு கடிதமாக வாங்கச் சொல்லுங்கள். ‘ஓய்வு தேவை’ என்று மொட்டையாக வேண்டாம். எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், எந்தத் தேதி வரை என்று இருக்கட்டும். அதை ஈமெயிலில் ஹெச்.ஆருக்கு அனுப்பி, ஒரு நகல் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். மேனேஜர் நேரில் ஏதாவது சொன்னால் அன்றைக்கே தேதி போட்டு வீட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஹெச்.ஆர். என்பது கம்பெனியின் ஆபீஸ், நம் பஞ்சாயத்து அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

அமெரிக்காவில் 2023 ஜூன் 27 முதல், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் கர்ப்பிணிக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்பது சலுகை அல்ல. ஆனால் மத்தியச் சட்டம் தரும் லீவு 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். பிரசவத்துக்கு முன்னாலேயே ஓய்வுக்கு எடுத்தால் அதில் கழிந்துவிடும். நம் நாட்டில் 2017-ல் சம்பளத்தோடு 26 வாரமாக்கினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது... இதில் ஒன்று இருந்தாலும் கடிதமும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

அந்த அம்மா பத்து நாள் கழித்து வந்தார். பெண்ணுக்கு பி.பி. கொஞ்சம் கூடுதலாம். டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டாராம், ஈமெயிலும் போய்விட்டதாம். வேலையைப் பாதி நாளாகக் குறைத்திருக்கிறார்கள். அம்மா டிக்கெட் போட்டாச்சு.

‘‘அப்போ நெருஞ்சில் பொடி, டாக்டர்?’’

‘‘பிள்ளை பொறக்கட்டும்மா. உங்க முட்டிக்குத் தைலத்தை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. அங்கே குளிர் அதிகம்.’’