சிறு தொழிலிடம் அரசு வாங்கும்போது

அலுவலக நாற்காலியிலிருந்து அனல் மின்நிலையக் கொதிகலனின் உதிரிப் பாகம் வரை எண்ணற்ற பொருள்களை ஆண்டுதோறும் வாங்குகின்ற அரசு, அவற்றை யாரிடம் வாங்குகிறது, என்ன நிபந்தனையில் வாங்குகிறது, எப்போது பணம் தருகிறது என்பவை பல்லாயிரம் சிறு தொழில்களின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. மானியமும் கடனும் ஒரு பட்டறையைத் தொடங்கி வைக்கலாம். அதைத் தொடர்ந்து ஓட வைப்பது கையிலிருக்கும் ஆர்டர்தான். 1955-இல் தேசிய சிறுதொழில் கழகம் நிறுவப்பட்ட காலத்திலிருந்தே அரசின் கொள்முதலில் சிறு தொழிலுக்கு இடம் பெற்றுத் தருவது அதன் பணிகளுள் ஒன்றாக இருந்துவந்தாலும், அந்த இடம் கட்டாயப் பங்காக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2012-இல் வெளியிடப்பட்ட கொள்முதல் கொள்கை ஆணை, மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2015 ஏப்ரலில் கட்டாயமான இந்த இலக்கு, 2018-இல் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடும் பெண்களுக்கு 3 விழுக்காடும் உள் ஒதுக்கீடு உண்டு. இவை தவிர, 358 பொருள்களைச் சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற பட்டியலும் இருக்கிறது. மாநில அரசுகளை இந்த ஆணை கட்டுப்படுத்தாது. அவற்றுக்குத் தனித்தனி விதிகள் உள்ளன.

பெரிய ஆலையோடு விலையில் போட்டியிட முடியாத சிறு பட்டறைக்கு ஆணை திறந்துவைக்கும் வழி கவனிக்கத் தக்கது. ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பெரிய நிறுவனம் 100 ரூபாய் என்ற மிகக் குறைந்த விலையைக் குறிப்பிட்டிருக்க, சிறு தொழிற்கூடம் ஒன்று 112 ரூபாய் கேட்டிருந்தால், 15 விழுக்காட்டு எல்லைக்குள் அது இருப்பதால், 100 ரூபாய்க்கே தர அது சம்மதிக்கும் பட்சத்தில், மொத்தத் தேவையில் கால் பங்கை அதற்கு வழங்க வேண்டும். ஆகவே அரசு கூடுதலாக ஒரு ரூபாயும் செலவிடுவதில்லை. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை இலவசமாகப் பெறுவதும், விலைப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்குப் பெறுவதும் இதே ஆணை தரும் சலுகைகள். மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு இணையதளத்தில் பதிவு செய்துகொண்ட தொழில்களுக்கே இவை கிடைக்கும். 2016-இல் தொடங்கப்பட்ட ‘ஜெம்’ என்ற அரசு மின்சந்தை, தலைநகர் அலுவலகங்களின் படியேறாமலே பொருளை விற்க வழி செய்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும், விழுக்காட்டுக் கணக்கைக் கொண்டு மட்டும் ஒரு துறையின் நேர்மையை அளப்பது தவறு. பல ஊர்களின் தேவையை ஒரே பெரும் ஒப்பந்தமாகத் திரட்டி, அதற்கேற்ற ஆண்டு விற்றுமுதலைத் தகுதியாக விதித்துவிட்டால், எந்தச் சலுகையும் சிறியவருக்குப் பயன்படாது. அதைவிடக் கொடியது பணம் தாமதமாவது. சிறு பட்டறையின் நடைமுறை மூலதனம், அதாவது மூலப்பொருளுக்கும் கூலிக்கும் அன்றாடம் தேவைப்படும் பணம், பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியதாகவே இருப்பதால், விற்ற பொருளுக்கான பட்டியல் தொகை ஆறு மாதம் முடங்கினால் அந்த ஆர்டரின் லாபம் முழுவதையும் வட்டியே விழுங்கிவிடுகிறது.

மூலப்பொருளுக்குப் பணம் முடங்காதபடி, தமிழ்நாட்டின் பள்ளிச் சீருடைத் திட்டத்தில் துணியை அரசே தந்து, தைப்பதை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் முறை கையாளப்படுகிறது. முதலீடு செய்ய வழியில்லாத பெண்ணும் தையல் எந்திரமும் உழைப்பும் கொண்டே இதில் பங்கேற்க முடிகிறது. எத்தனை பிள்ளைகள், எத்தனை இணைச் சீருடைகள் என்பது முன்கூட்டியே தெரிவதால் வேலையும் ஆண்டுதோறும் உறுதி. திருச்சியில் பொதுத்துறையைச் சேர்ந்த பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சுற்றித் துவாக்குடி முதலிய இடங்களில் வளர்ந்த பற்றவைப்புப் பட்டறைகளுள் பலவும் இப்படித்தான், ஆலை கொடுத்த இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றன. ஆனால் அங்கே வாங்குபவர் ஒருவரே என்பதால், பின்னர் புதிய அனல் மின்நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது அந்த அடி நேராகப் பட்டறைகளின் மேல் விழுந்தது. ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுக் கொள்முதல் திட்டத்தை முன்னதாகவே வெளியிட வேண்டும் என்று 2012 ஆணை சொல்வதன் அருமை இங்கேதான் புலப்படுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை 2006 சட்டம் கடுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அது வந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இத்தகைய தாமத வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுமத்திடம் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குநர் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். ஆனால் அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கும் அதே அலுவலகத்தை நாட வேண்டியவர் அதன் மீது புகார் எழுதத் தயங்குவார் என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

புகார் இல்லாமலே பணம் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு ‘ட்ரெட்ஸ்’. விற்றவர் பட்டியலை இந்த மின்தளத்தில் ஏற்றி, வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டதும், வங்கிகள் போட்டியிட்டு அந்தப் பட்டியலின் மீது பணம் தருகின்றன. தவணை நாளில் வாங்கியவர் வங்கிக்குச் செலுத்துகிறார். அவர் செலுத்தாவிட்டாலும் வங்கி விற்றவரைக் கேட்க முடியாது. எல்லாமே வாங்கியவரின் ஒப்புதலைப் பொறுத்திருப்பதால், அதைத் தாமதப்படுத்தும் அலுவலரைப் பொறுப்பாக்காமல் இந்த ஏற்பாடு முழுப்பயன் தராது. 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, உரிய காலத்தில் தராத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டு வரை, வாங்கியவர் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது. தனியார் நிறுவனங்களையும் பொதுத்துறை நிறுவனங்களையும் இது அசைக்கும். வருமான வரியே கட்டாத அரசுத் துறைகளை இது தொடாது. அவற்றுக்கோ, முறையீட்டுக்குக் காத்திராமல், 46-ஆம் நாள் முதல் தாமத வட்டியைக் கருவூலமே கணக்கிட்டுப் பட்டியல் தொகையோடு சேர்த்து வழங்கும் விதிதான் தேவைப்படுகிறது.