ஹெல்மெட்டுக்கு வயதாகுமா?

சைக்கிள் ஹெல்மெட் வாங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டால், ஒரு தடவைகூடக் கீழே விழாதிருந்தாலும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஹெல்மெட் எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒரு பொருள் கெடுவது உழைக்கும்போதா, சும்மா கிடக்கும்போதா? ஹெல்மெட், விளக்கு, தண்ணீர் பாட்டில், மாற்று டியூப் என்று சைக்கிளோடு சேர்ந்த சாமான்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும்போதுதான் கெடுகின்றன என்பது என் கட்சி. தினம் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிப்பவருடைய ஹெல்மெட் மீதி இருபத்து மூன்று மணி நேரமும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. அந்த இடம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

ஹெல்மெட்டின் உயிர் பளபளக்கும் மேலோட்டில் இல்லை, உள்ளே இருக்கும் நுரையில் இருக்கிறது. டிவிப் பெட்டிக்குள் அடைத்து வரும் தெர்மாகோலும் இதுவும் ஒரே இனம். இதில் அடர்த்தி கூடுதல். பென்டேன் சேர்த்த பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் உப்பவைத்து, அச்சுக்குள் நிரப்பி மறுபடி நீராவி பாய்ச்சினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். அந்தக் கட்டியின் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1975-இல் இந்த நுரையை வைத்து ‘பெல் பைக்கர்’ ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை அதே வழியில்தான் செய்யப்படுகின்றன. தலை தரையில் மோதும்போது நுரையின் நுண்ணறைச் சுவர்கள் நொறுங்குகின்றன. அப்படி நொறுங்க எடுத்துக்கொள்ளும் சில மில்லி விநாடிகளும், அமுங்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டரும்தான் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம். அமெரிக்காவில் 1999 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, சுமார் 5 கிலோ எடையுள்ள செயற்கைத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவிடுகிறார்கள். அந்தத் தலையில் பதிவாகும் வேகத்தடுப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 300 மடங்கைத் தாண்டக் கூடாது. இப்படி ஒருமுறை நொறுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. தீக்குச்சியைப் போல, ஒரே ஒரு தரம் வேலை செய்து முடிந்துபோவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது.

ஐந்து வருடக் கணக்குக்கு வருவோம். 1957-இல் தொடங்கப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை, ஹெல்மெட்டுகளுக்குத் தரம் வகுத்த முன்னோடி அமைப்புகளில் ஒன்று. ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள் என்பது அதன் பரிந்துரை. தயாரிப்பாளர்கள் பலரும் இதை ஒட்டியே சொல்கிறார்கள். இதைப் படிக்கும் பலர் நுரை தானாகவே இறுகி உளுத்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கனடாவின் எம்.இ.ஏ. ஃபாரன்சிக் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பயன்படுத்தப்பட்ட 675 சைக்கிள் ஹெல்மெட்டுகளைத் திரட்டி மோதவிட்டார்கள். அவற்றில் 26 வருடப் பழையவையும் இருந்தன. மோதலைத் தாங்கும் திறன் வயதின் காரணமாகக் குறிப்பிடும்படி குறைந்துவிடவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. நுரைக்கு நாம் நினைப்பதுபோல் மூப்பு வருவதில்லை. இந்தப் பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தச் செய்திதான்.

அப்படியானால் ஒரே ஹெல்மெட்டை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அந்த ஆய்வு அளந்தது மோதலின் அதிர்ச்சியை நுரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை மட்டும். நாடாவின் தையலையும் கொக்கியின் பிடிப்பையும் பற்றி அது தீர்ப்பளிக்கவில்லை. தலையிலிருந்து கழன்று பறக்கும் ஹெல்மெட்டின் நுரை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. நாடாவில் ஊறிய வியர்வை காய்ந்து உப்பு தங்குகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதன் இழைகளை நலிவாக்குகின்றன. கொக்கிக்குள் மணல் சேர்ந்தால் பல் முழுதாகப் பிடிக்காது. நுரைக்கும் எதிரிகள் உண்டு. மேற்சொன்ன அமெரிக்கச் சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் 50 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்திருந்தும் மோதவிடுகிறார்கள். அந்த வெப்பம் வரை அது தாங்கியாக வேண்டும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைவிடக் கூடுதலாகக் கொதிக்கும். அங்கே கிடக்கும் ஹெல்மெட்டின் மெல்லிய ஓடு நுரையை விட்டுப் பிரிந்து குமிழ் குமிழாக எழும்பலாம். இன்னொரு எதிரி கரைப்பான்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி எல்லாமே பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனிலும் இப்படிப்பட்ட கரைப்பான்தான் இருக்கிறது. சொல்யூஷன் டியூபையும் ஹெல்மெட்டையும் ஒரே பைக்குள் திணிப்பவர்கள், மூடி கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ‘டீட்’ என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டிகளும் பல பிளாஸ்டிக்குகளை அரிப்பவை. அதைத் தடவிய கையோடு ஹெல்மெட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

தேவையற்ற பயம் ஒன்றும் உண்டு. ஹேண்டில்பாரில் தொங்கிய ஹெல்மெட் நழுவிக் கீழே விழுந்துவிட்டது, இனி உதவாது என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 கிராம் எடை ஒரு மீட்டர் விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 3 ஜூல். 5 கிலோ தலை இரண்டு மீட்டர் விழும் சோதனையில் அது சுமார் 98 ஜூல், முப்பது மடங்குக்கும் மேல். வெறும் ஹெல்மெட் ஒருதரம் நழுவி விழுந்ததாலேயே நுரை நொறுங்கிவிடுவது அரிது, பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தினமும் விழுந்தால் ஓரங்கள் சிதைந்து, நாடாவைப் பிடித்திருக்கும் இடங்கள் தளரும். அதனால் அதற்கென்று நிழலில் ஓர் அலமாரித் தட்டையோ ஆணியையோ ஒதுக்குவதே முறை.

சுத்தம் செய்ய விசேஷத் திரவம் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பழைய பல் துலக்கி, பருத்தித் துணி போதும். உள்ளே ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டுகளைப் பிரித்துக் கையால் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். மெத்தை இல்லாதபோதுதான் நுரை கண்ணுக்குத் தெரியும் என்பதால், அதுவே சோதிக்கும் நேரமும். நல்ல வெளிச்சத்தில் விரிசல் தெரிகிறதா, ஓரிடம் மட்டும் அமுங்கிப் பளபளக்கிறதா, ஓடு நுரையை விட்டு விலகுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாடாவைப் பலமாக இழுத்து, கொக்கியைப் பத்துத் தரம் மாட்டிக் கழற்ற வேண்டும். தலையோடு தரையில் அடிபட்ட ஹெல்மெட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஓட்டுக்கு அடியில் விரிசல் மறைந்திருக்கலாம். அதைக் கழித்துவிடத்தான் வேண்டும்.

மற்ற சாமான்களுக்கும் இதே நியாயம்தான். விளக்கிலுள்ள லித்தியம் பேட்டரி எரியாமல் கிடந்தாலும் மெல்ல மெல்லத் திறன் இழக்கிறது; முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் அந்த இழப்பு வேகமெடுக்கும். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே சரி. அறவே தீர்ந்துபோன நிலையிலும் விட்டுவிடக் கூடாது. பாட்டிலில் குடித்து மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீர், குழாய் முனையின் இடுக்கில் கிருமிப் படலமாக வளரும். முனையைக் கழற்றித் துலக்கி, மூடாமல் காயவைக்க வேண்டும். மாற்று டியூப் ஸ்பேனரோடு உரசியே பைக்குள் ஓட்டையாகிவிடும். ஒரு துணியில் சுற்றி வைத்தால் அது தப்பும். திறந்த சொல்யூஷன் மூடியிருந்தும் காய்ந்துவிடும். தேவைப்படும் நாளில் கைவிடாதிருக்க, அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிது வாங்குவது சுலபமில்லையா என்பது கடைசி ஆட்சேபம். தேதி பார்த்து மாற்றுவது சுலபம்தான். ஆனால் அது இரண்டு பக்கமும் தவறுகிறது. நன்றாக இருப்பது குப்பைக்குப் போகிறது. பாலிஸ்டைரீன் எளிதில் மக்காது. போன மாதம் அடிபட்டது, வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்ற தைரியத்தில் தலையிலேயே இருக்கிறது. வைத்திருந்த விதத்தை விற்பவரால் பார்க்க முடியாது, அதனால் அவர் வருடத்தைச் சொல்கிறார். அதில் குற்றமில்லை. பார்க்க முடிந்தவர் உடைமையாளர் ஒருவர்தான். மாதத்தில் கால் மணி நேரம் பார்த்தால் போதும். அப்படிப் பார்த்துவருகிற வாசகர் ஐந்தாவது வருடத்தில் பதற வேண்டியதில்லை. நாடாவோ கொக்கியோ தளர்ந்தால் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். கழிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அடிபட்ட ஹெல்மெட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டால், வெளித்தோற்றத்தை நம்பி யாராவது எடுத்துத் தங்கள் குழந்தைக்கு மாட்டிவிடக்கூடும். நாடாவை வெட்டிவிட்டுப் போடுங்கள்.