தலைகீழாக வைத்தால் ஓடும் பெட்டி

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிளேஸ்டேஷன் வைத்திருந்த பிள்ளைகள் பலருக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். டிஸ்க்கைப் போட்டு மூடியை அழுத்தி மூடு, பெட்டியை அப்படியே கவிழ்த்து வை, இனி ஓடும். நேராக வைத்தால் ஆரம்பப் படமே திக்கித் திணறும், குரல் வெட்டி வெட்டி வரும், சில நேரம் மொத்தமாக நின்றுவிடும். கவிழ்த்தால் ஒன்றுமே நடக்காதது போல ஆட்டம் தொடரும். தட்டினால் பாடும் பழைய ரேடியோவின் சொந்தக்காரன் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த வைத்தியத்துக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

சோனி நிறுவனம் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. அடுத்த செப்டம்பரில் அது அமெரிக்காவுக்குப் போனது. அந்த முதல் மாடல்களில் லென்ஸைச் சுமந்து செல்லும் சிறிய வண்டி, பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் உரச நகர்ந்தது. பவர் சப்ளையின் சூடும் அதன் பக்கத்திலேயே. மாதக்கணக்கில் ஆடிய பிறகு உரசும் இடம் தேய்ந்தது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, லென்ஸ் டிஸ்க்கை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தது. பெட்டியைக் கவிழ்த்தால் வண்டியின் எடை தேயாத மறுபக்கத்தில் விழுகிறது. கோணம் ஓரளவு நிமிர்கிறது. வைத்தியம் செய்தது புவியீர்ப்பு. பின்னால் வந்த மாடல்களில் லென்ஸ் இருக்கும் இடத்தைச் சூட்டிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

இவ்வளவு சின்னச் சாய்வு ஏன் இத்தனை படுத்த வேண்டும்? அந்த லென்ஸ் செய்யும் வேலை அப்படி. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர், 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட்டைக் கடந்து, மறுபுறத்தில் இருக்கும் குழிகளைப் படிக்க வேண்டும். ஒரு குழியின் அகலம் சுமார் அரை மைக்ரான். பக்கத்துத் தடம் 1.6 மைக்ரான் தள்ளி இருக்கிறது. தலைமுடியின் தடிமனுக்குள் நாற்பது தடங்கள் அடங்கும். தவிர, சுழலும் டிஸ்க் ஒருபோதும் முழுக்கச் சமமாக இருப்பதில்லை: மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் வரை அலையும். நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தடம் பக்கவாட்டில் பல தடங்களின் அகலத்துக்கு நகரும். லென்ஸ் இந்த ஆட்டத்தோடு சேர்ந்து ஆடி, குவியத்தை ஓரிரு மைக்ரானுக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியின் கூம்பை ஆட்டும் அதே உத்திதான் இங்கும்: காந்தம், சுருள், சுருளில் ஓடும் மின்னோட்டம்.

வி.சி.டி. பிளேயர் காலத்தில் நம் ஊர் மெக்கானிக்குகள் எந்தக் கோளாறுக்கும் 'லென்ஸ் வீக்' என்றே தீர்ப்பு எழுதினார்கள். லேசர் மங்குவது உண்மைதான். ஆனால் என் கணிப்பில் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். தூசியும் தேய்மானமும் காய்ந்த கிரீஸும் செய்த குற்றத்துக்குப் பெரும்பாலும் லேசர் தண்டனை அனுபவிக்கிறது.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கண்ணுக்கும் காதுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம். சுவிட்சைப் போட்டதும் வருகிற வெள்ளைத் திரையும் ஆரஞ்சுச் சின்னமும் பெட்டிக்குள் இருக்கும் சிப்பிலிருந்து வருபவை. டிஸ்க்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பிறகு வரும் கறுப்புத் திரைதான் சாட்சி. அது வந்துவிட்டால் லேசர் எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது, டிஸ்க்கின் உள்விளிம்பில் பொறித்த ரகசிய நெளிவையும் பெட்டி படித்துவிட்டது என்று பொருள். அந்த நெளிவுதான் திருட்டு நகல்களைத் தடுக்க சோனி வைத்த பூட்டு, சாதாரண சி.டி. பர்னரால் அதை எழுத முடியாது. கறுப்புத் திரை வராமல் மெமரி கார்டு, சி.டி. பிளேயர் மெனுவில் போய் நின்றால் பெட்டிக்கு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. அப்போது பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பாட்டு ஓடி, கேம் மட்டும் ஓடவில்லையா? பாட்டு ஒற்றை வேகத்தில் சுற்றுகிறது, கேம் இரட்டை வேகத்தில். அதாவது லென்ஸ் செத்துவிடவில்லை, வேகம் கூடினால் தடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது.

டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது இன்னொரு தடயம் தரும். ஒரே ஒரு கேம் ஒரே இடத்தில் நின்றால் கீறலைத் தேடுங்கள். எல்லாக் கேமும் ஏறக்குறைய ஒரே ஆரத்தில் முரண்டு பிடித்தால் வண்டி அந்த இடத்தில் சிக்குகிறது, டிஸ்க் நிரபராதி.

கீறல்களைப் பற்றி நமக்குள்ள பயமும் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. பளபளப்பான படிக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஆனால் டிஸ்க்கின் அந்த மேற்பரப்பில் லேசர் ஒளி கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் அகலமாக விரிந்திருக்கும். உள்ளே போகப் போகத்தான் குவியும். அதனால் மேலே விழுந்த ஒரு முடியோ மெல்லிய கீறலோ ஒளியின் சிறு பகுதியை மட்டும் மறைக்கும். தகவல் இருப்பது படம் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி, மெல்லிய லாக்கர் பூச்சுக்கு நேர் கீழே. அங்கே பேனாவால் அழுத்தி எழுதினால் போனது போனதுதான். பாலிஷ் போட்டு மீட்கவும் முடியாது.

படிக்கும் பக்கத்தில் நேரும் சேதத்தைச் சமாளிக்க 1960இல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் வெளியிட்ட கணிதம் உதவுகிறது. பைட்டுகளை வரிசையாக எழுதாமல் தூரத் தூரமாகச் சிதறடித்து, கூடவே சரிபார்ப்பு எண்களையும் எழுதி வைக்கிறார்கள். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட எழுத்தை எதுகையும் மோனையும் காட்டிக்கொடுப்பது போல, தொலைந்த பைட்டை மிஞ்சியவை காட்டிக்கொடுக்கும். தடத்தின் நெடுகே சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் முழுதாக மீட்கலாம். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலை இது எளிதில் தாண்டும். தடத்தோடு வளைந்து போகும் கீறலில் தோற்கும். டிஸ்க்கை வட்டமாகத் துடைக்காதே, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடை என்று சொல்வது இதனால்தான். கேமின் தகவலுக்கு இதற்கு மேலும் ஓர் அடுக்குத் திருத்தம் உண்டு. படிக்க முடியாவிட்டால் பெட்டி திரும்பவும் முயலும், நாம் காத்திருப்போம். படத்தோடு சேர்ந்து ஓடும் ஒலிக்கு அந்தக் கூடுதல் அடுக்கு கிடையாது, காத்திருக்க அவகாசமும் கிடையாது. கோளாறு முதலில் குரலில் வெட்டாக வெளிப்படுவதன் காரணம் இது.

சரி, பெட்டியைத் திறக்கலாம். பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டுவிட்டுக் கை வையுங்கள். லேசர் எரிகிறதா என்று லென்ஸுக்கு நேராகக் குனிந்து பார்க்கவே கூடாது. கண்ணுக்கு அந்த ஒளி அனேகமாகத் தெரியாது, விழித்திரைக்குத் தெரியும். லென்ஸைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, தூசியைத் தூக்குவது போல மெல்லத் துடைத்தால் போதும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும். அடுத்தது வண்டி ஓடும் தண்டு: காய்ந்து மெழுகான பழைய கிரீஸைச் சுத்தமாக வழித்து, பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை கிரீஸ் துளியூண்டு தடவ வேண்டும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் சில வாரம் ஓட வைத்துவிட்டு, தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். வண்டியை விரலால் நகர்த்திப் பாருங்கள்; எங்கும் சொரசொரக்கக் கூடாது, மேலும் கீழும் ஆடவும் கூடாது. ஆடினால் தேய்மானம் முற்றிவிட்டது, லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டியதுதான்.

லென்ஸ் தொகுதியில் கடுகளவு திருகு ஒன்று இருக்கும், லேசரின் மின்னோட்டத்தை நிர்ணயிப்பது. கைக்கு அரிப்பெடுக்க வைக்கும் திருகு. கொஞ்சம் திருப்பினால் செத்த பெட்டி உயிர்த்தெழும், உண்மைதான். கூட்டிய மின்னோட்டத்தில் லேசர் டையோடு வேகமாகக் கிழடாகும் என்பதும் உண்மை. மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே அதைத் தொட வேண்டும். தொடும் முன் அது நிற்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளவும்.

எல்லாம் முடிந்ததா? இன்னும் ஸ்க்ரூக்களைப் போட வேண்டாம். நீளமான ஆரம்பப் படம் உள்ள கேமாகப் பார்த்துப் போட்டு, பெட்டி சூடேறும்வரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு அந்தப் படத்தை மறுபடி ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். எங்கும் வெட்டவில்லையென்றால் மூடிவிடலாம், நேராக வைத்தே.