செக்ரோலில் விழுந்த பெயர்

புந்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போனால் அக்கா மகன் கணினியை விட்டு நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். போன மாதம் அவனே கூப்பிட்டான்.

"மாமா, இங்க வாங்க. ஒரு ஆள பூரான் கடிச்சா எட்டுப் பேருக்கும் தெம்பு குறையுது!"

கேம் ஒன்று செய்கிறான். கதை நடக்கும் இடம், நாங்கள் விட்டு வந்த மாதிரி ஒரு கித்தாத் தோட்டம். மரம் வெட்டும் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எண், தெம்பு, வாளியில் உள்ள பால்.

இப்படிச் சேர்ந்தே இருக்க வேண்டிய தகவல்களை ஒரே கட்டாகக் கட்டி வைக்கத்தான் நிரல்மொழிகளில் 'ஸ்ட்ரக்ட்', 'கிளாஸ்' என்று இரண்டு ஏற்பாடுகள். கிளாஸ் என்ற யோசனை 1960களில் நார்வேயில் சிமுலா மொழியோடு வந்தது. 1979இல் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் அதை சி மொழிக்குள் கொண்டுவரத் தொடங்கினார். அதுவே பிறகு சி பிளஸ் பிளஸ் ஆனது. அதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நாமாக எதுவும் சொல்லாவிட்டால் ஸ்ட்ரக்ட் திறந்த வீடு, கிளாஸ் பூட்டிய வீடு, அவ்வளவுதான்.

இவன் எழுதுவது யூனிட்டியில், சி ஷார்ப் மொழியில். அங்கே கதை வேறு. ஸ்ட்ரக்டை இன்னோர் இடத்தில் போட்டால் தனி நகல் கிடைக்கும். கிளாஸில் நகல் கிடையாது; அதே ஆளுக்கு இன்னொரு பெயர்தான். இவன் ஒருவரை உருவாக்கி, அவரையே எட்டு இடத்திலும் போட்டிருக்கிறான். திரையில் எட்டு உருவம், உள்ளே ஒரே ஆள்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "எனக்கும் இப்படித்தான்டா நடந்துச்சு" என்றார்.

சுங்கை சிப்புட் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் அம்மா பெயரிலேயே இன்னொருவர் இருந்தாராம். ஒரு மாதம் அம்மா வெட்டிய மூன்று நாள், செக்ரோலில் அவர் வரிசையில் விழுந்துவிட்டது. கேட்கப் போனால் கிராணி புத்தகத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை.

"மூணு நாள் சம்பளம் போச்சு. ஒங்க மாமனுக்குப் பால்மாவு வாங்குற காசு."

ஊரார் கதையெல்லாம் வானொலியில் கேட்டு வாங்கிப் பேசுகிறவன் நான். இதை அன்றுதான் கேட்டேன். தோட்டம் இப்போது செம்பனைக் காடு. அந்தப் புத்தகம் எங்கே போனதோ.

"அப்ப ஸ்ட்ரக்டுக்கு மாத்திடவா?" என்றான் பையன். கூடாது. பட்டியலிலிருந்து ஸ்ட்ரக்டை எடுத்துத் தெம்பைக் குறைத்தால், குறைவது நகலில்தான். பட்டியலில் இருப்பவரைப் பூரான் கடித்த சுவடே இருக்காது. ஆகவே கிளாஸே இருக்கட்டும், எட்டுப் பேரையும் தனித்தனியாக 'நியூ' போட்டு உருவாக்கு என்றேன். கூடவே ஒரு காவலும் வைத்தான். பால் கணக்கை யாரும் படிக்கலாம்; மாற்றுவதென்றால் அந்த ஆளுக்கென்று எழுதிய செயல்முறை வழியாக மட்டுமே.

"பாட்டி, ஒங்க நம்பர் என்ன?"

முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் யோசிக்காமல் சொன்னார். தட்டினான். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வரிசையை மெல்லப் படித்தார்.

"பாலக் கொறச்சுப் போட்டிருக்கியே" என்றார்.