மேரி ரோஸ் கப்பலின் சமையற்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

பீரங்கிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கப்பலின் அடிவயிற்றுக்கு இறங்குங்கள். அங்கேதான் சமையற்கட்டு! செங்கல் வைத்துக் கட்டிய இரண்டு அடுப்புகள், இரண்டு பித்தளை அண்டாக்கள். பெரிய அண்டா 600 லிட்டர் பிடிக்கும். மரக்கப்பலுக்குள்ளேயே விறகு மூட்டி, நானூறு பேருக்கு மேல் உலை வைத்திருக்கிறார்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது!

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்காகப் போர்ட்ஸ்மவுத்தில் கட்டி, 1511-ல் நீரில் இறக்கிய போர்க்கப்பல் இது. பிரான்ஸுடன் மூன்று போர்களைப் பார்த்து, கடைசியில் கடலில் மூழ்கியது.

மேலே ஏறினால் தச்சர் அறை. அதன் கதவருகே கிடைத்தது ஒரு நாயின் எலும்புக்கூடு, ஏறக்குறைய முழுசாக! ஹாட்ச் என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். எலி பிடிக்க வளர்த்தார்கள் போலும். மரச்சீப்புகளைப் பாருங்கள்: பற்களுக்கிடையே ஈர் அப்படியே ஒட்டியிருந்தது. மருத்துவரின் களிம்பில் அவர் விரலால் வழித்த தடம்கூட அழியவில்லை!

1545 ஜூலை 19. சோலன்ட் நீரிணையில் பிரெஞ்சுக் கடற்படையோடு மோதல். மேரி ரோஸ் திரும்பும்போது சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே கடல் உள்ளே பாய்ந்தது. திடீர்க் காற்றா, அதிகச் சுமையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எதிரி ஏறிவிடாதபடி மேல்தளத்தின்மீது விரித்துக் கட்டிய வலை, சொந்த வீரர்களையே சிக்கவைத்தது. பிழைத்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. கரையில் நின்று அரசரே அதைப் பார்த்தார். ஐயோ!

வலப்பக்கமாய்ச் சரிந்த கப்பலைச் சேறு மூடியது. காற்றுப் புகாத அந்தச் சேறுதான் சீப்பையும் களிம்பையும் காத்துக்கொடுத்தது. சேற்றுக்கு வெளியே நின்ற இடப்பக்கம் அரித்துப்போனது.

1982 அக்டோபர் 11 அன்று கப்பலைக் கடலிலிருந்து தூக்கினார்கள். தாங்கிய சட்டத்தின் ஒரு மூலை தடாலென்று இறங்க, பார்த்தவர்களுக்கு உயிர் போய் வந்தது! ஆனால் கப்பல் தப்பியது. ஈர மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் குளிர்ந்த நீரைத் தெளித்தார்கள். 1994 முதல் 2013 வரை மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் தெளித்து மரத்துக்குள் ஊறவிட்டார்கள். பொறுமை என்றால் இதுதான்!

இன்று போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்தில் கப்பலின் எதிரே, காணாமல்போன இடப்பக்கத்தையும் தளம் தளமாக அமைத்து, பொருள்களை அவை இருந்திருக்கக்கூடிய இடங்களிலேயே வைத்திருக்கிறார்கள். மேல்மாடிக்குக் கட்டாயம் போங்கள்: அங்கே நடுவில் கண்ணாடிச் சுவர் கிடையாது, கப்பலும் நீங்களும் ஒரே அறையில்!