முதல் வகுப்புக்கு யார் துணை? நெகிரி தோட்டப் பள்ளிகள் அன்றும் இன்றும்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இன்று 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லாபு, சுவா பெத்தோங், ரீஜண்ட், கெடிஸ், ஜெராம் பாடாங், செயின்ட் ஹெலியர் என்று அவற்றில் பல இன்னமும் தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெயர்தான் பழையது. பல இடங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில பள்ளிகள் தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கே குடிபெயர்ந்துவிட்டன. கூரை, மேசை, பாடநூல், ஆசிரியர் சம்பளம் எல்லாமே மாறிவிட்ட இந்தப் பள்ளிகளில் நூறாண்டாக மாறாத வேலை ஒன்று உண்டு. ஏழு வயதுப் பிள்ளையை வாசிக்க வைப்பதே அந்த வேலை. அதைச் செய்கிற ஆசிரியருக்கு அன்று யார் துணை நின்றார்கள், இன்று யார் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், நம் கல்விக் கணக்கில் எது விடுபட்டது என்பது தெரியவரும்.

சட்டம் கட்டிய பள்ளி

தோட்டப் பள்ளிகள் கல்வி ஆர்வத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. 1923 தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் ஒன்றான நெகிரி செம்பிலானுக்கும் அது பொருந்தியது. பள்ளி வைக்கச் சொன்ன சட்டம், எப்படிப்பட்ட பள்ளி என்பதில் கண்டிப்புக் காட்டவில்லை. ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு, கோயில் மண்டபத்தின் ஓர் ஓரம், லயத்தில் காலியாகக் கிடந்த அறை, எது கிடைத்ததோ அதுவே பள்ளிக்கூடம் ஆனது.

வாத்தியாரும் அப்படித்தான் அமைந்தார். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணிக்கு உதவியாக இருந்தவரோ, ஊரிலிருந்து நாலெழுத்துப் படித்துவிட்டு வந்தவரோ அந்தப் பொறுப்பை ஏற்றார். பயிற்சி என்று சொல்ல எதுவும் இல்லை. சம்பளம் துரையின் கையில் இருந்தது. நாடு முழுவதிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளைக் கண்காணிக்கவென ஓர் அதிகாரி அமர்த்தப்பட்டதே 1930-இல்தான். அவர் எத்தனை தோட்டத்துக்குப் போய் எத்தனை வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும்?

பிள்ளைகளும் முழுநாள் மாணவர்கள் அல்லர். விடியுமுன் பிரட்டு முடிந்து பெற்றோர் பால் வெட்டப் போனால், சின்னவர்களைப் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை. மங்கில் படிந்த பாலைச் சேர்க்கவும், புல் பிடுங்கவும் கை தேவைப்பட்ட நாளில் பள்ளியில் இடம் காலியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதானால் பெயரே தோட்டப் பதிவேட்டுக்கு மாறிவிடும். நான்காம் வகுப்பைத் தொட்டவர்களே குறைவு.

சட்டாம்பிள்ளையிடம் விட்ட எழுத்து

ஓராசிரியர் பள்ளியில் நான்கு வகுப்பும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும். மூன்றாம், நான்காம் வகுப்புக்குக் கணக்கும் கட்டுரையும் வாத்தியார் பார்த்தாக வேண்டும். பார்வையாளர் வந்தால் கேள்வி கேட்பது அவர்களிடம்தான். சின்ன வகுப்பை யார் பார்ப்பது? திண்ணைப் பள்ளிக்கூட வழக்கப்படி அது சட்டாம்பிள்ளையின் பொறுப்பாயிற்று. மூத்த மாணவன் ஒருவன் ஆனா, ஆவன்னா என்று சொல்ல, சிறுவர்கள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். மணலில் விரலால் எழுதி, பிறகு சிலேட்டில் ஏறி, அரிச்சுவடியை முடித்து, எழுத்துக்கூட்டி வாசிக்கும் கட்டத்துக்கு வருவார்கள். ஆத்திசூடி மனப்பாடமாக இருக்கும். அதே அடியை ஏட்டில் காட்டி வாசிக்கச் சொன்னால், பாதிப் பேர் எழுத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பார்கள்.

அந்த முறையை முழுதாகத் தள்ளிவிடவும் கூடாது. எழுத்தையும் ஒலியையும் வாயும் கையும் சேர்ந்து பழகின. ஒரே எழுத்தைப் பலமுறை எழுதியதால் வடிவம் கையில் நின்றது. பிடித்துக்கொண்ட பிள்ளை நன்றாகவே வாசித்தான். பிடிபடாத பிள்ளைக்குத்தான் அங்கே இரண்டாவது வழி இல்லை. எந்த எழுத்தில் அவன் தடுக்கினான் என்று உட்கார்ந்து பார்க்க வாத்தியாருக்கு நேரமில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இல்லை. பிரம்படி வாங்கினான், மண்டூகம் என்ற பெயர் வாங்கினான், பால் மரத்துக்குப் போனான். தோட்டத்துக்கு அவன் வாசிக்கத் தேவையில்லாததால் யாரும் கேட்கவும் இல்லை.

இருந்தும் லயத்தில் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. மாலையில் ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்க வாசிக்க, நாலு பேர் சுற்றி இருந்து கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லத் தெரிந்த பையனைப் பெரியவர்கள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். 1950-களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் நடத்திய மாணவர் மணிமன்றம், பிள்ளைகளின் எழுத்தை அச்சில் ஏற்றியது. அது பின்னாளில் ஊர் ஊராக இளைஞர் மணிமன்றங்கள் தோன்றவும் வழிவிட்டது. வாசிக்கத் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பிள்ளை தன் வீட்டு வாசலிலேயே கண்டான்.

தோட்டம் கலைந்த காலம்

1956-இல் வந்த ரசாக் அறிக்கையும் 1957 கல்விச் சட்டமும் தோட்டப் பள்ளியை நாட்டின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. பாடத்திட்டம் பொதுவானது, ஆசிரியர் சம்பளம் படிப்படியாக அரசின் பொறுப்பானது. ஆனால் நிலம் பெரும்பாலும் தோட்டத்துக்கே சொந்தமாக நீடித்ததால், பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றன. கட்டடம் வேண்டும் என்றால் நிர்வாகத்தையும் அரசையும் பெற்றோரையும் மாறி மாறிக் கேட்க வேண்டிய நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்ததும், நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனதும் அந்த எண்ணிக்கையைக் குறைத்தன. இன்று ஏறக்குறைய 530 பள்ளிகள் இருக்கின்றன. நெகிரி செம்பிலானில் செனவாங், நீலாய் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களில் சிதறின. பால் வெட்டியவரின் பேரன் இன்று பள்ளி வேனில் வந்து இறங்குகிறான். ஜெம்போல் வட்டாரத்தின் உள்தோட்டப் பள்ளிகளோ மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிக்கின்றன. மொத்தம் 30 பேருக்கும் குறைவான பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பாகக் கூட்டிக் கற்பிக்கும் முறை இன்றும் உண்டு. ஓராசிரியர் பள்ளியின் சிக்கல் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

247 எழுத்தும் மூன்று மொழியும்

இன்றைய ஆசிரியர் பட்டம் பெற்றவர், முறையாகப் பயின்றவர். சிரம்பானிலேயே ராஜா மெலேவார் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என்று பகுத்துக் கற்பிக்கச் சொல்கிறது. வண்ணப் பாடநூல் உண்டு, திரை உண்டு, புலனக் குழுவில் ஆசிரியர்கள் இரவோடு இரவாகப் பயிற்சித்தாள்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் சுமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். கெ, கே, கை என்று எழுதும்போது குறி இடப்பக்கம் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். கொ, கோ என்றால் குறி இரு பக்கமும் நிற்கும். உகர, ஊகார வரிசை எழுத்துக்கு எழுத்து உருமாறும். கு தெரிந்தவனுக்குச் சு தெரிந்துவிடாது. க என்ற ஒரே எழுத்து, கல் என்னும்போது ஒரு விதமாகவும் தங்கம் என்னும்போது வேறு விதமாகவும் ஒலிக்கும். வீட்டில் அவன் பேசுவது வாழப்பழம், புத்தகத்தில் இருப்பது வாழைப்பழம். வீட்டில் பாசார், புத்தகத்தில் சந்தை. இதே ஆண்டில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரோமன் எழுத்தையும் அவன் பழகுகிறான். அந்த எழுத்து ஒன்றுதான், ஒலிகளோ இரண்டு மொழியிலும் வேறு.

தமிழ் எழுத்து காலத்துக்கேற்ப இளகியதும் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலான 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கியது. மலேசியாவும் அதைப் பின்னர் ஏற்றது. பழைய தோட்டப் பள்ளிப் பிள்ளை தனியாக மனத்தில் ஏற்றிய அந்த வடிவங்கள் இன்றைய பிள்ளைக்கு இல்லை. மிச்சமுள்ள சுமை மட்டும் சிறியதல்ல.

கன்னடம் படிக்கும் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கும் மிகவும் பயன்படும். ஆங்கிலம் போன்ற மொழிகளின் எழுத்துகளைப் பிள்ளைகள் ஓராண்டளவில் அறிந்துகொள்கிறார்கள். உயிர்மெய் அமைப்புள்ள எழுத்துகளை முழுதாகப் பிடிக்க மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகின்றன. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறை. ஆகவே முதலாம் ஆண்டு முடிவில் தடுக்கி வாசிக்கும் பிள்ளை மந்தமானவன் என்று முடிவுகட்ட இடமே இல்லை. அவனுக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் எழுத்தைத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நீண்ட பத்திகளைக் கொடுத்தால் அவனும் தன் பாட்டனைப் போல ஒப்பிக்கத்தான் கற்றுக்கொள்வான்.

எழுத்து மட்டும் போதாது என்பதும் உண்மை. 2000-இல் அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு வாசிப்பாய்வுகளைத் தொகுத்து ஐந்து கூறுகளைச் சொன்னது: ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தையும் ஒலியையும் இணைத்தல், தங்குதடையற்ற வாசிப்பு, சொல்வளம், பொருளறிதல். அன்றைய தோட்டப் பள்ளி இரண்டாவதை அரைகுறையாகச் செய்தது. கேட்கும் சொல்வளத்தையும் கதையையும் லயம் தந்தது. இன்று லயமும் இல்லை, உரக்க வாசிக்கும் பெரியவரும் இல்லை. எனவே ஐந்தும் இப்போது ஓர் ஆசிரியரின் தோளில் விழுந்திருக்கின்றன.

ஆறாம் ஆண்டின் நிழலில்

அரசு சும்மா இருக்கவில்லை. 2010-இல் லினுஸ் திட்டம் வந்தது. முதல் மூன்று ஆண்டு மாணவரின் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் படிப்படியாகச் சோதித்து, மூன்றாம் ஆண்டுக்குள் எல்லாரையும் கரையேற்றுவது அதன் நோக்கம். 2013-இல் ஆங்கிலமும் சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வழிநடத்துநர்கள் வகுப்பறைக்கே வந்து ஆசிரியருடன் உட்கார்ந்தது. பத்தாண்டு முடியுமுன் திட்டம் நின்றது. பதிவேடுகளின் சுமை பற்றி ஆசிரியர்கள் குறைப்பட்டது நியாயமே. ஆனாலும் வகுப்பில் துணைக்கு ஒருவர் வந்து உட்காரும் அந்த எண்ணம் காக்கப்பட வேண்டியது.

1988 முதல், ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு பள்ளியின் மானமாக இருந்தது. ஏழு ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பள்ளி வாசலில் தொங்கும், நாளிதழில் வரும். பேர்போன ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டுக்குப் போனார்கள். மாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும் ஆறாம் ஆண்டுக்கே நடந்தன. புதிதாக வேலைக்கு வந்தவரிடம் முதலாம் ஆண்டைக் கொடுத்த பள்ளிகள் ஏராளம். அன்று நான்காம் வகுப்புக்காகச் சின்ன வகுப்பைச் சட்டாம்பிள்ளையிடம் விட்டதும், பின்னர் தேர்வுக்காக முதலாம் ஆண்டைப் புதியவரிடம் விட்டதும் ஒரே தவறுதான். தொடக்க வகுப்புக்கு எஞ்சியதைக் கொடுக்கும் வழக்கம் நூறாண்டாக நம்மிடம் இருக்கிறது.

2020-இல் பெருந்தொற்றால் யூபிஎஸ்ஆர் நடக்கவில்லை. 2021-இல் அது அறவே நீக்கப்பட்டது. இல்லிருப்புக் கற்றல் நாள்களில் கைப்பேசித் திரையில் எழுத்துப் பழகிய பிள்ளைகள் பள்ளி திரும்பியபோது, அடித்தளத்தின் அருமை எல்லாருக்கும் புரிந்தது. இப்போது வகுப்பறை மதிப்பீடு ஆறு அடைவுநிலைகளில் பிள்ளையைப் பார்க்கச் சொல்கிறது. ஆறாம் ஆண்டை நோக்கியிருந்த கண்ணை முதலாம் ஆண்டின் பக்கம் திருப்ப இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

செய்யக்கூடியவை

முதலாவது, பள்ளியின் தேர்ந்த ஆசிரியரை முதலாம் ஆண்டில் வைத்து, அதே பிள்ளைகளோடு மூன்றாம் ஆண்டு வரை போக விடுவது. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறான் என்பது அவருக்கே தெரியும். ஆண்டுதோறும் கை மாறினால் அந்த அறிவு வீணாகிறது.

இரண்டாவது, நேரம். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் சில நிமிடமாவது ஆசிரியரின் அருகில் உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால்தான் அது நடக்கும். குறைநீக்கல் ஆசிரியரும் சிரம்பான் கழகத்தின் பயிற்சி ஆசிரியர்களும் இதற்குக் கை கொடுக்கலாம்.

மூன்றாவது, தமிழ் எழுத்தறிந்த வழிநடத்துநர். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் செய்த உதவியை மொழிபெயர்த்துக் கொடுத்தால் உகர வரிசையில் தடுமாறும் பிள்ளைக்குப் பயன்படாது. பாஹாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளியின் ஒற்றை முதலாம் ஆண்டு ஆசிரியருக்குக் கேள்வி கேட்கச் சக ஆசிரியர்கூட அருகில் இல்லை. மாதம் ஒருமுறையாவது ஒருவர் வந்து, குறை கண்டுபிடிக்காமல், வகுப்பில் கூட இருந்து உதவ வேண்டும். தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கம், எட்டு வயதுக்குள் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, கற்றல் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்க ஆசிரியருக்குக் கையேடும் பயிற்சியும் தந்தது. நம் சூழலுக்கு ஏற்றவாறு அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

நான்காவது, படிநிலைச் சிறுநூல்கள். அறிந்த எழுத்துகளையே கொண்டு, தாமானையும் தோட்டத்தையும் பசியாறும் கடையையும் காட்டும் பத்துப் பக்கக் கதைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். நம் எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பெரிய தமிழ்த்தொண்டு இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒரு விருந்துச் செலவை மிச்சம் பிடித்தால் ஒரு வகுப்புக்குப் போதுமான நூல்களை அச்சிடலாம்.

2027-இல் புதிய பாடத்திட்டம் வரும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. அதற்குள் நெகிரி செம்பிலானின் 61 தலைமையாசிரியர்களும் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: எங்கள் பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியர் எந்த வகுப்பில் இருக்கிறார்? முதலாம் ஆண்டில் என்று சொல்ல முடிந்தால், அவருக்கு நேரமும் நூலும் துணையும் தர வேண்டியது நம் அனைவரின் கடமை. பால் மரத்துக்குப் போன அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கத் தவறியதை, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காவது கொடுத்தாக வேண்டும்.