வீட்டுல பழைய எல்.பி. ரெக்கார்டு இருக்கா? குறைந்த பட்ஜெட்டில் பிளேயர் வாங்கும் முன் இதை கவனிங்க!

பரணில் கிடக்கும் தாத்தா காலத்து இசைத்தட்டுகளை மறுபடியும் கேட்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. ஆன்லைனில் தேடினால் சூட்கேஸ் மாதிரி அழகான குட்டி ரெக்கார்டு பிளேயர்கள்தான் முதலில் கண்ணில் படும். விலையும் குறைவு. ஆனா அவசரப்பட வேண்டாம். தவறான பிளேயரில் ஓடவிட்டால் போவது பணம் மட்டும் இல்லை, அந்த இசைத்தட்டும்தான்.

முதலில் உங்ககிட்ட இருப்பது என்ன தட்டு?

பிளேயர் வாங்கும் முன் தட்டின் நடுவில் உள்ள லேபிளை பாருங்க. 33⅓ என்று இருந்தால் அது எல்.பி. 45 என்று இருந்தால் சின்ன தட்டு. இரண்டும் பெரும்பாலும் வினைல். இளையராஜா பாடல்களை எக்கோ நிறுவனம் வெளியிட்ட தட்டுகள் எல்லாம் இந்த வகைதான்.

78 என்று இருந்தால் உஷார்! அது பெரும்பாலும் அரக்கில் செய்த பழைய கிராமபோன் தட்டு. கீழே விழுந்தால் ஓடு போல உடைந்துவிடும். அதன் பள்ளம் எல்.பி. தட்டின் பள்ளத்தை விட பல மடங்கு அகலம். இதற்கு தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசியில் ஓட்டினால் இரைச்சல்தான் அதிகம் கேட்கும், ஊசியும் வீணாகும். இப்போது விற்கும் பல பிளேயர்களில் 78 வேகமே கிடையாது என்பதையும் நினைவில் வைங்க.

சூட்கேஸ் பிளேயர் ஏன் வேண்டாம்?

ஊசி தட்டின் மேல் எவ்வளவு எடையில் அழுத்துகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நல்ல காந்த வகை கார்ட்ரிட்ஜ் பொருத்திய பிளேயரில் இது சுமார் 2 முதல் 3.5 கிராம். மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதில் அழுத்தம் 5 கிராம் வரை போகும், சிலவற்றில் அதற்கும் மேல்.

கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்த எடை முழுவதும் முடியளவு மெல்லிய ஊசி முனையில் இறங்குகிறது. திரும்பத் திரும்ப ஓட்டும்போது பள்ளம் தேயும். தேய்ந்த பள்ளத்தை யாராலும் சரி செய்ய முடியாது. போதாததற்கு ஸ்பீக்கரும் அதே பெட்டியில் இருப்பதால், அதன் அதிர்வு ஊசிக்கே போய் ஒலியைக் கெடுக்கும்.

அப்படியானால் எதை வாங்கலாம்?

முழு செட்டுக்கு மூன்று பொருட்கள் போதும்.

• டர்ன்டேபிள்: காந்த கார்ட்ரிட்ஜ், மாற்றக்கூடிய வைர ஊசி இரண்டும் இருக்க வேண்டும். ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் போன்ற ஆரம்ப நிலை மாடல்கள் இந்த வகை. பட்டனை அழுத்தினால் கையே தானாக தட்டுக்கு வரும், முடிந்ததும் திரும்பிவிடும். புதிதாக பழகுபவர்களுக்கு வசதி.

• போனோ பிரீஆம்ப்: ஊசியில் இருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதை பெருக்கி, ஒலியை சமன் செய்தால்தான் ஸ்பீக்கரில் ஒழுங்காக கேட்கும். டர்ன்டேபிளிலேயே இது இருந்தால் தனியாக வாங்க வேண்டாம். பின்பக்கம் 'போனோ / லைன்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்க.

• ஸ்பீக்கர்: உள்ளேயே ஆம்பிளிஃபயர் கொண்ட ஒரு ஜோடி போதும். வீட்டில் ஆக்ஸ் வசதியுள்ள ஸ்பீக்கர் இருந்தால் ஒரு கேபிள் செலவோடு முடிந்துவிடும்.

பட்ஜெட் இடித்தால் ஸ்பீக்கரில் மிச்சம் பிடிங்க, டர்ன்டேபிளில் வேண்டாம். சுமாரான ஸ்பீக்கர் தட்டைக் கெடுக்காது, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். சென்னை மூர் மார்க்கெட், மும்பை சோர் பஜார் போன்ற இடங்களில் பழைய பிளேயர்கள் கிடைக்கும். ஆனால் ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீங்க. கவனிக்க வேண்டியவை:

• பாட்டு ஒரே சீராக ஓடுகிறதா? இழுத்து இழுத்து கேட்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். பெல்ட் மாற்றுவது பெரிய செலவு இல்லை.

• இடது, வலது இரண்டு பக்கமும் ஒலி வருகிறதா?

• அந்த மாடலுக்கு ஊசி இன்னும் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் அது ஷோகேஸ் பொருள்தான்.

• வெளிநாட்டு மெஷினா? அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடும் பழைய மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பாட்டு இழுவையாகத்தான் கேட்கும்.

பழைய பிளேயரில் ஏற்கெனவே இருக்கும் ஊசி எத்தனை வருடம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் புது ஊசிக்கான பணத்தையும் சேர்த்தே விலையை கணக்கு போடுங்க.

வாங்கிய பிறகு என்ன செய்யணும்?

டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் தட்டை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துவிட்டு ஓட்டுங்க. அழுக்கு அதிகமுள்ள வினைல் தட்டை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம், லேபிள் நனையக் கூடாது. 78 அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர் படவே கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்!

தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வைங்க. வெயில் படும் ஜன்னலோரமும், மூடிய காரும் வினைலுக்கு எதிரி. சூட்டில் தட்டு வளைந்துவிடும்.

கையில் பணம் போதவில்லையா? சூட்கேஸ் பிளேயரில் திருப்திப்படுவதை விட, இரண்டு மாதம் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்குவதே மேல். இத்தனை வருடம் பரணில் காத்திருந்த தட்டு, இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கும்.